எட்டடிக்குள் அம்மா

எங்கள் குடும்பத்தில் அதிகம் படம்பிடிக்கப்பட்டவர் அம்மா. எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. இந்த இரண்டும் ஏறக்குறைய இருபது வருடம் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து ஹார்பருக்குப் போவார். ஏலத்தில் சரக்கு எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, வெளிச்சம் வருவதற்குள் கூறு கட்டி உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இரண்டு வகைக் கூட்டம் வரும். ஒன்று மீன் வாங்கும் கூட்டம். இன்னொன்று தோளில் கேமராப் பை மாட்டிக்கொண்டு ஊரின் தெற்கிலிருந்து வரும் கூட்டம். விடியல் வெளிச்சம், ஈரத் தரை, மின்னும் சங்கரா, அருவாமனையில் ஓடும் கை எல்லாமே படத்துக்கு நல்ல விஷயங்கள்தாம். அந்தப் படங்களில் அம்மா எத்தனை முறை இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யாருடைய கணினியில், எந்த ஊர்ச் சுவரில் இருக்கிறார் என்றும் தெரியாது.

“கையப் புடிக்கிறானுங்கோ, மீனப் புடிக்கிறானுங்கோ. ஒரு கூறு வாங்கிக்கினு போ கண்ணுன்னா ஓடிப் பூடுறானுங்கோ” என்பார் அம்மா. அவருக்கு அதில் பெரிய கோபம் இருந்ததில்லை. ஒரே ஒரு கல்லூரிப் பெண் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இருந்த ஒரே படம் அம்மா அப்பா கல்யாணப் படம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது டிரங்குப் பெட்டியோடு அதுவும் போனது. அதன் பிறகு அம்மாவின் முகம் அரசாங்க அட்டைகளில் மட்டுமே இருந்தது. ஆதார் அட்டையில் இருப்பதைப் படம் என்று சொல்லலாமா என்பதை, அந்த அட்டை வைத்திருக்கும் உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

விசேஷ வீடுகளில் எடுத்த படங்கள் இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தம்பியின் கல்யாணம் எல்லாவற்றிலும் தேடினேன். பாதிப் படங்களில் அம்மா இல்லை. பந்தியில் இருந்திருப்பார், அல்லது பின்கட்டில் பாத்திரங்களோடு இருந்திருப்பார். மீதிப் படங்களில் இருக்கிறார். எல்லோரும் நின்ற பிறகு யாரோ கூப்பிட, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிற்கிறார். இடது ஓரம் அல்லது வலது ஓரம். பாதித் தோள் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்படாத படங்களில் முகம் அகலமாகி, உடம்பு ஒரு பக்கம் இழுபட்டு, யாரோ மாதிரி தெரிவார். “நான் இவ்ளோ குண்டாவா கீறேன்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்பார்.

அம்மா அவ்வளவு குண்டு கிடையாது. அது லென்ஸ் செய்த வேலை. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்துதான் எனக்கு லென்ஸ் மீது ஆர்வம் வந்தது.

அகலக் கோண லென்ஸ், அதாவது அதிக இடத்தை ஒரே சட்டத்துக்குள் அடைக்கும் லென்ஸ், சுவர்க்கோட்டை நேர்கோடாகக் காட்ட வேண்டும் என்பதற்காக ஓரங்களை இழுத்துப் பரப்புகிறது. நடுவில் இருப்பவர் அப்படியே இருப்பார். ஓரத்தில் இருப்பவர் அகலமாவார். கணக்குப் போட்டுப் பார்த்தால், நம்மில் பலர் வாங்கும் சிறிய சென்சார் கேமராவில் 18 மி.மீ. வைத்து எடுக்கும்போது, ஒரே ஓரத்தில் நிற்பவர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அகலமாகிறார். 24 மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. 35 மி.மீ.யில் அது கண்ணுக்கே தெரியாது. கையில் இருக்கும் செல்போனின் வழக்கமான கேமரா இன்னும் அகலமானது. அதில் ஓரத்தில் நிற்பவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே அகலமாகக்கூடும். சில போன்கள் மென்பொருளால் அதைத் திருத்தப் பார்க்கின்றன.

குடும்பப் படத்தில் நடுவில் யார் நிற்கிறார்? ஓரத்தில் யார் நிற்கிறார்? தாத்தா, அப்பா, மாப்பிள்ளை, பேரன் நடுவில். வேலையை விட்டுவிட்டு வந்தவர் ஓரத்தில். லென்ஸ் யாரையும் பார்த்து இழுப்பதில்லை. ஆனால் யார் ஓரத்துக்குப் போகிறார்கள் என்பதை வீடு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. வீட்டின் முடிவும் கண்ணாடியின் குணமும் சேர்ந்துதான் எங்கள் அம்மாவைப் படத்துக்குப் படம் அந்நியராக்கின.

நான் மணலி சாலைப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறேன். அங்கே கூட வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து சீட்டு போடுகிறோம். என் சீட்டு விழுந்த மாதம், கேமரா வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “போன்ல இல்லாத கேமராவா?” என்றார் கணவர். தம்பி, அந்தப் பணத்தை பைக் டியூவுக்குக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றான். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பீரோ கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினார். நான் சம்பாதித்து நான் கட்டிய சீட்டு. ஆனாலும் அதைச் செலவு செய்ய ஒரு வாரம் வாதாட வேண்டியிருந்தது. ஆண்கள் வாங்கும் ஹெட்போனுக்கு எந்த வீட்டிலும் இப்படி விசாரணை நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஏன் அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. முழங்கால் போனதால் வியாபாரத்தை விட்டார். பிறகு கண்ணுக்கு வந்தது. லேசர் வைத்தார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார்கள். அதே சமயம் எங்கள் தெருவில் ஒரு ஆயா இறந்துபோனார். எங்கள் பக்கம் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் உடனே வைத்தாக வேண்டும். வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் ஆதார் படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள். எண்பது வருட வாழ்க்கைக்கு நாலடி உயரத்தில் ஒரு கலங்கிய சாம்பல் முகம். என் அம்மாவின் படம் அவர் செத்த பிறகு தேடப்படும் படமாக இருக்கக் கூடாது, அவரே பார்க்கும் படமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு அவர் கண்ணில் எவ்வளவு நாள் மீதி என்று தெரியாது.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டை அளந்தேன். தையல் டேப்தான். திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் பெரிய அறை பத்துக்குப் பத்து. அதில் பீரோ, கட்டில், டிவி ஸ்டாண்டு. கதவோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நான் நின்றால், எதிரே உட்காருபவருக்கும் எனக்கும் நடுவில் எட்டடி கிடைக்கிறது. அதற்கு மேல் ஒரு அங்குலம் வேண்டுமென்றாலும் வெளியே நடைபாதையில் நிற்க வேண்டும், அங்கே பக்கத்துப் போர்ஷன்காரர்களின் குடங்கள் இருக்கும்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. உள்ளே போனதும், “சார் வரலீங்களா மேடம்?” என்றார் கடைக்காரர். யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அப்படியென்றால் வெயிட் இல்லாததாகக் காட்டவா என்றார். தினமும் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்குகிறவளிடம் அரைக்கிலோ கேமராவைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று சிரிப்புதான் வந்தது.

அவர் முதலில் எடுத்து வைத்தது 50 மி.மீ. எஃப் 1.8. பழைய கேமரா வாங்கும் எல்லோருக்கும் இரண்டாவது லென்ஸாக இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் நியாயம் உண்டு. விலை குறைவு, முகம் அழகாக விழும், பின்னணி கரையும், குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும். எஃப் எண் சிறியதாக இருந்தால் வழி பெரியதாகத் திறந்திருக்கிறது என்று பொருள். எஃப் 5.6ஐ விட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரே ஒரு ட்யூப் லைட் எரியும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் கிடையாது.

நான் என் டேப் கணக்கைக் கையில் வைத்திருந்தேன். சிறிய சென்சார் கேமராவில் எட்டடி தூரத்தில் 50 மி.மீ. காட்டும் அகலம் மூன்றரை அடி. ஒருவர் உட்காரலாம், பக்கத்தில் ஒரு குழந்தையை இறுக்கிக்கொண்டு. 35 மி.மீ. என்றால் ஐந்தடி, இருவரோ மூவரோ. 24 மி.மீ. ஏழடிக்குச் சற்று மேல், ஒரு குடும்பம். 18 மி.மீ. பத்தடி, குடும்பமும் பீரோவும் சேர்ந்து, ஓரத்தில் இருப்பவர் இழுபட்டு.

50 மி.மீ.க்காகப் பேசுபவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஜூம் தேவையில்லை, காலால் முன்னும் பின்னும் நடந்துகொள்ளலாம் என்று. பின்னால் நடக்க இடம் இருப்பவர்களின் அறிவுரை இது. பத்துக்குப் பத்து அறையில் பின்னால் சுவர் இருக்கிறது. தெருவில் எடுக்கலாம் என்றால், எங்கள் தெருவில் இருந்து நாலு எட்டுப் பின்னால் வைத்தால் கண்டெய்னர் லாரி. வெட்ட வெளியில் எடுக்கலாம் என்றால், ஒரு பெண் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல், நிதானமாகப் பின்னோக்கி நடக்கக்கூடிய கடற்கரை எங்கே இருக்கிறது? லென்ஸுக்கான விமர்சனங்களை எழுதுபவர்கள் கூர்மை, நிறம், விலை எல்லாம் எழுதுகிறார்கள். வீட்டின் அளவையும் பின்வாங்கும் உரிமையையும் யாரும் எழுதுவதில்லை.

அடுத்து அவர் காட்டியது 55-250 மி.மீ. “டூர் போனா இதாங்க மேடம் பெஸ்ட். தூரத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாமலே எடுக்கலாம்.” அவர் அதைச் சிறப்பாகத்தான் சொன்னார். எனக்குக் காசிமேடு ஞாபகம் வந்தது. தெரியாமலே எடுக்கப்பட்ட ஒருத்தியின் மகள் நான். மெரினாவிலும் மற்ற கடற்கரைகளிலும் அலையில் நனைந்து நிற்கும் பெண்களை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்பி வைத்திருக்கும் ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூரத்து லென்ஸ் தன்னளவில் குற்றம் செய்வதில்லை. பறவைக்கும், மேடையில் ஆடும் பிள்ளைக்கும் அதுதான் வேண்டும். ஆனால் மனிதர்களை எடுக்கும்போது, எட்டடியில் நின்று எடுப்பவர் அனுமதி கேட்டாக வேண்டும். அவருடைய முகம் எதிராளிக்குத் தெரியும். “வேணாம்” என்று சொன்னால் காதில் விழும். எண்பதடியில் நிற்பவருக்கு இது எதுவும் தேவைப்படுவதில்லை.

அதே தொழில் செய்யும் தாயை மகன் எடுத்த படங்களும் இருக்கின்றன. புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவின் உழைப்பைப் படங்களாக்கி, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். மீன், கூடை, விடியல் என்று காசிமேட்டுப் படங்களில் இருப்பதுதான் அவற்றிலும் இருக்கிறது. நிற்கும் தூரம் வேறு. அந்த அம்மாவுக்குப் படம் எடுப்பவனைத் தெரியும்.

நான் வாங்கியது ஒரு பழைய கேனான் பாடியும், 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸும். தட்டையாக, ஒரு பிஸ்கட் பாக்கெட் மாதிரி, 125 கிராம் எடை. கேமராவோடு வழக்கமாக வரும் 18-55 லென்ஸை 24இல் வைத்தால் எஃப் 4 அளவுக்குத்தான் திறக்கும். இது அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் விடுகிறது. 50 மி.மீ. அளவுக்கு விடாது, தெரியும். ஆனால் குவியத் தூரம் குறைந்தால் கை நடுக்கமும் படத்தில் குறைவாகத் தெரியும், அதனால் கொஞ்சம் மெதுவான ஷட்டரில் சமாளிக்கலாம். ஏழடி அகலம் கிடைக்கிறது. ஓரத்தில் நிற்பவர் பெரிதாக இழுபடுவதில்லை. முகத்தை மட்டும் எடுக்கும்போது நாலைந்து அடிக்கும் கிட்டே போகாமல் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்கிறேன். மிகக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், அது லென்ஸின் குறை இல்லை, தூரத்தின் குணம். கைகளை எடுக்க மட்டும் கிட்டே போவேன். இந்த லென்ஸ் 16 செ.மீ. வரை நெருங்க விடுகிறது. அம்மாவின் விரல்களில் செதிலும் முள்ளும் கீறிய தழும்புகளை எண்ணிப் பார்க்கலாம்.

கேமராவுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். 1890களிலேயே அந்த நிறுவனத்தின் விளம்பரங்களில் கேமராவோடு ஒரு இளம் பெண் வந்துவிட்டாள். ‘கோடாக் கேர்ள்’ என்று பெயர். 1900இல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா வந்தது. பயணம் போ, படமெடு, குழந்தைகள் வளர்வதைப் பதிவு செய், குடும்பத்தின் ஞாபகங்களைக் காப்பாற்று என்று அந்த விளம்பரங்கள் பெண்களிடம் பேசின. சுதந்திரத்தைக் காட்டி இன்னொரு சம்பளமில்லாத வேலையைக் கையில் கொடுத்த கதை என்று இதைச் சொல்லலாம். இருந்தாலும் கேமரா கையில் இருந்தது.

இங்கே கதை வேறு மாதிரி போனது. 1892இல் ஹைதராபாத்தில் ராஜா தீன் தயாள் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோ திறந்தார். பர்தாவில் இருந்த பெண்களைப் படமெடுக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணியைப் பொறுப்பில் வைத்தார். பெண்ணைப் பெண் எடுப்பதற்குத் தனி அறை வேண்டியிருந்தது. 1913இல் பிறந்த ஹோமாய் வியாரவல்லாதான் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். ஆரம்பத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. கனமான ஸ்பீட் கிராஃபிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு, புடவையில், சைக்கிளில் டெல்லியைச் சுற்றியவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளை நாம் இன்று பார்ப்பது பெருமளவு அவர் கண்ணால். 1970இல் தொழிலை விட்டார். பத்ம விபூஷண் 2011இல் வந்தது, அடுத்த ஆண்டு ஜனவரியில் காலமானார்.

எனக்கு ஹோமாயை விடவும் நெருக்கமாகத் தெரிபவர் நோனி சிங். ஹாசல்பிளாட் விருது பெற்ற டயனிதா சிங்கின் அம்மா. தொழில்முறைக் கலைஞர் இல்லை. சகோதரிகளை, தோழிகளை, மகள்களைப் படமெடுத்துச் சேர்த்து வைத்தார். 2013இல் அந்தப் படங்கள் ‘தி ஆர்க்கைவிஸ்ட்’ என்ற புத்தகமாக வந்தன. வீட்டுப் படம் என்று நாம் ஒதுக்குவதுதான் பெண்களின் வரலாற்று ஆவணம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த வீடுகளில் கேமராவும் ஃபிலிமும் வாங்க வசதி இருந்தது. பின்னால் நடக்க இடமும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களின் ஆவணம் இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் லென்ஸ் சரியாக இருந்தும் அம்மா படத்தில் காணாமல் போவதற்கு இன்னொரு வழி அது. கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வரும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பல நிறத்துப் பெண்களை வைத்த அட்டைகள் 1990களில்தான் புழக்கத்துக்கு வந்தன. இன்றைய டிஜிட்டல் கேமராவும் முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கிறது. வெள்ளை டைல்ஸ் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இருந்தால், சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் இருக்கும். அதில் ஒரு படி கூட்டுங்கள். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும், நாம் சுவரைப் படமெடுக்கவில்லை. பிறகு பிரிண்ட் போடும் கடையில், கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள். “அப்படியே போடுங்க” என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் எடுத்த முதல் நல்ல படத்தில் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவரை நடுவில் உட்கார வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. “மாப்பிள்ளைய நடுவுல ஒக்கார சொல்லுடி” என்றார். லென்ஸ் இப்படி, ஓரத்தில் இருந்தால் இழுக்கும் என்று சொன்னேன். “அப்ப அவரு குண்டா தெரியமாட்டாரா?” என்று கவலைப்பட்டார். கணவரே சிரித்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றார். எங்கள் வீட்டில் ஒரு ஆண் ஓரத்தில் நிற்கும் முதல் குரூப் படம் அது. பெரியதாகப் பிரிண்ட் போட்டேன். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, வெகு நேரம் பார்த்தார். “எங்க அம்மா மாரியே கீறேன்” என்றார். அவருடைய அம்மாவுக்கும் படம் கிடையாது. ஆயாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

செப்டம்பரில் வேளாங்கண்ணி போனோம். அம்மாவின் வேண்டுதல். பயணத்துக்கு என்ன லென்ஸ் என்று கேட்டால், 18-135 மாதிரி எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கும் ஜூம் வாங்கு என்பார்கள். நல்ல யோசனைதான். அதன் எடை ஏறக்குறைய அரைக்கிலோ. ஆனால் குடும்பத்தோடு போகும் பெண்ணின் பையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? புளிச்சாதம், தண்ணீர் பாட்டில், மகளுக்கு மாற்றுத் துணி, அம்மாவின் இன்சுலின், அது சூடாகாமல் இருக்க ஐஸ் பை, நாப்கின், எல்லோருடைய டிக்கெட்டும் ஆதாரும். அரைக்கிலோ லென்ஸ் ஏற வேண்டுமானால் இதில் எதையாவது வேறு யாராவது தூக்க வேண்டும். யாரும் முன்வரவில்லை. 125 கிராம் லென்ஸ் என் கைப்பையில் இன்சுலின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. ஒரே லென்ஸ் என்பதால் மாற்றும் வேலையும் இல்லை. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்திருப்பவளுக்கு லென்ஸ் மாற்ற இன்னொரு கை கிடையாது.

கடலில் இறங்கி நின்றபோது அம்மாவை எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன். “வேணாண்டி, துணி ஈரம்” என்றார். இறக்கிவிட்டேன். அந்தப் படம் இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, எத்தனையோ கேமராக்களுக்கு முன்னால், அம்மாவுக்கு இப்படிச் சொல்லும் வாய்ப்பே வந்ததில்லை.

கடல் பக்கம் வாழ்பவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். உப்புக்காற்று கண்ணாடியில் ஒரு படலம் பூசும். எண்ணூர்ப் பக்கமென்றால் சாம்பலும் நிலக்கரித் தூசும் சேரும். துணியை எடுத்துத் துடைத்தால் தூசு கீறும். முதலில் ரப்பர் பம்பால் ஊதி, பிறகு மெல்லத் துடையுங்கள். மணலில் நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள். முன்னால் ஒரு சாதாரண ஃபில்டர் போட்டு வைத்தால் அடியும் உப்பும் அதன் மேல் போகும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் போட்டுப் பீரோவுக்குள் பூட்டுவதைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

வாங்கப் பணம் இல்லை என்றால் போன் போதும். ஒரு எட்டுப் பின்னால் போய் 2 எக்ஸ் அழுத்துங்கள். ஓரத்து இழுப்பு குறையும். இடம் இல்லையென்றால் ஆட்களை மாற்றி நிற்க வையுங்கள். வழக்கமாக ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவர எந்த லென்ஸும் வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு அவர் வரும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்ததைப் பிரிண்ட் போடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெயோடு தண்ணீர் வந்தபோது சுவரில் இருந்த படங்கள் கறுத்தன, போன்கள் செத்தன. அதனால் ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் யாரிடமாவது இருக்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கைந்து பெண்கள் தெருவில் இருக்கும் ஆயாக்களைப் படமெடுக்கிறோம். கேமரா ஒன்றுதான், கை மாற்றிக்கொள்கிறோம். வீட்டுக்குள்ளே போய், உட்கார்ந்து, டீ குடித்து, அவர்கள் சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்லும் புடவையில் எடுக்கிறோம். பிரிண்ட் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த வீடு. இதுவரை பதினொரு பேர். இருவர், இது தங்கள் சாவுக்கு வேண்டாம், இப்போதே சுவரில் மாட்டு என்றார்கள்.

அடுத்த சீட்டு தை மாதம் விழும். மகளுக்கு 55-250 வேண்டுமாம். ஒற்றியூர்க் கரையிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். அவற்றின் பெயர்களையும், எந்த ஊரிலிருந்து வந்தவை என்பதையும் படிக்க வேண்டும் என்கிறாள். யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு கப்பல் நல்ல பொருள் என்று எனக்கும் தோன்றுகிறது. பழையதாகக் கிடைக்குமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். டார்ச் எடுத்துக்கொண்டு இந்த முறை அவளும் கடைக்கு வருகிறாள்.